20121: ஒரு பசுமைத் தரநிலையின் கதை

ஐஎஸ்ஓ 9001 என்ற எண்ணை நாம எல்லாருமே பார்த்திருப்போம். ஆஸ்பத்திரி வரவேற்பறையில், பைப் கம்பெனி விளம்பரத்தில், இன்ஜினியரிங் காலேஜ் பஸ்ஸின் பின்பக்கத்தில். அதே குடும்பத்தில் 20121 என்று இன்னொரு எண் உண்டு. மாநாடு, கண்காட்சி, விளையாட்டுப் போட்டி, இசை விழா போன்றவற்றைச் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் பாதகம் குறைவாக நடத்துவதற்கான சர்வதேசத் தரநிலை அது. எண்ணை உற்றுப் பாருங்க, உள்ளே 2012 இருக்கும். லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம். அந்த ஒலிம்பிக்ஸ் ஏற்பாடுகளோடு சேர்ந்து வளர்ந்த தரநிலை இது.

பசுமை நிகழ்ச்சி என்றதும் நம்ம மனசுக்கு வருவது பேப்பர் கப், துணிப்பை, பாக்குமட்டைத் தட்டு. லண்டன் கதையைக் கொஞ்சம் கிளறினால், இதெல்லாம் கணக்கு நோட்டின் கடைசி வரிகள் என்று புரியும். பெரிய தொகைகளை எல்லாம் நிகழ்ச்சிக்குப் பல வருஷம் முன்னாடியே எழுதி முடித்திருப்பார்கள். இன்னொரு தொகை நோட்டில் ஏறவே இல்லை. அது போபாலிலிருந்து வந்தது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

லண்டனுக்கு முன்னாடி

1992-ல் பிரான்ஸின் ஆல்பர்வில்லில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளை வெட்டிய விதம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. இரண்டே வருஷம் கழித்து நார்வேயின் லில்லஹாமரில் அடுத்த போட்டி. அங்கே பனிச்சறுக்கு ஓட்டத்துக்கான அரங்கைப் பறவைகள் வரும் ஒரு சதுப்பு நிலத்தை ஒட்டிக் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். சூழலியலாளர்கள் சண்டை போட்டார்கள், கட்டடம் தள்ளிப் போனது. சாப்பாட்டுத் தட்டுகளை உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் செய்தார்கள். அந்தத் தட்டுதான் எல்லாருக்கும் நினைவில் நின்றது. கட்டடம் தள்ளிப் போனது பெரிய விஷயம், ஆனா அதைப் போட்டோ எடுக்க முடியாதே!

2000-ல் சிட்னி. பழைய கசாப்புக்கூடமும் செங்கல் சூளையும் குப்பைக்கிடங்குமாக இருந்த ஹோம்புஷ் விரிகுடா நிலத்தைச் சுத்தப்படுத்தி ஒலிம்பிக் பூங்கா ஆக்கினார்கள். கைவிடப்பட்ட செங்கல் குழியில் அருகி வரும் ஒரு தவளை இனம் குடியிருப்பது தெரியவந்தது. அங்கே வரவேண்டிய டென்னிஸ் மைதானம் வேறு இடத்துக்குப் போனது.

ஆக, அக்கறை இருந்தது. பொதுவான அளவுகோல் இல்லை. ஒவ்வொரு ஊரும் தனக்குத் தோன்றியதைச் செய்து, தன் முதுகில் தானே தட்டிக்கொண்டது.

வாக்குறுதியை ஒப்பந்தமாக்குவது

2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் பாரிஸைத் தோற்கடித்து 2012 போட்டியை லண்டன் வென்றது. விண்ணப்பத்தில் முக்கியமான ஒரு வாக்குறுதி இருந்தது. 'ஒரே கிரக ஒலிம்பிக்ஸ்' என்று அதற்குப் பெயர். டபிள்யூடபிள்யூஎஃப், பயோரீஜனல் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய கருத்து அது. உலகத்தில் எல்லாரும் பிரிட்டன்காரர்களைப் போல வாழ்ந்தால் மூன்று பூமி வேண்டும், இருப்பது ஒன்றுதான், அந்த ஒன்றுக்குள் அடங்குகிற மாதிரி போட்டியை நடத்திக் காட்டுவோம் என்றார்கள்.

சரி, சொல்லியாச்சு. இதை யார் எப்படிச் செய்வது? ஒலிம்பிக்ஸ் என்பது ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களின் மூட்டை. பந்தல் போடுகிறவர், சமையல் எடுத்தவர், தற்காலிகக் கழிப்பறை தருகிறவர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர், செக்யூரிட்டி ஆள் அனுப்புகிறவர். இவர்களிடம் போய் 'ஒரே கிரகம்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் பழையபடியே செய்வார்கள். டெண்டரில் எழுதக்கூடிய, தணிக்கை செய்யக்கூடிய மொழி ஒன்று வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் தரநிலை நிறுவனம் 2007-ல் பிஎஸ் 8901 என்ற தரநிலையை வெளியிட்டது. 20121-க்கு அதுதான் அம்மா.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளணும். இந்தத் தரநிலையில், நிகழ்ச்சிக்கு இத்தனை கிலோ குப்பைக்கு மேல் போகக்கூடாது, இத்தனை டன் கார்பன்தான் அனுமதி என்று எந்த எண்ணும் கிடையாது. இது ஒரு மேலாண்மை முறைக்கான தரநிலை. உங்கள் நிகழ்ச்சியால் பாதிக்கப்படுகிறவர்கள் யார் யார் என்று பட்டியல் போடு, அவர்களிடம் பேசு, எந்தப் பிரச்சினை முக்கியம் என்று முடிவு செய், உன் இலக்கை நீயே வை, பொறுப்பை ஆள் பெயர் போட்டுக் கொடு, சப்ளையர்களுக்குச் சொல், அள, முடிந்ததும் திரும்பிப் பார். இவ்வளவுதான். 9001-ம் இப்படித்தான். மைசூர்பாகு எவ்வளவு மிருதுவா இருக்கணும்னு அது சொல்லாது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதத்தில் வருவதற்கு உங்ககிட்ட ஒரு முறை இருக்கான்னு மட்டும் கேட்கும்.

அதில் ஒரு பலம் இருக்கிறது. 50 பேர் கருத்தரங்குக்கும் 80,000 பேர் மைதானத்துக்கும் ஒரே தரநிலை பொருந்தும். அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. முறை சரியா இருந்தா போதும், முடிவு எப்படி இருந்தாலும் சான்றிதழ் கிடைக்கும்.

கோபன்ஹேகன் கற்றுக்கொடுத்த கணக்கு

இந்தத் தரநிலைக்குக் கிடைத்த முதல் பெரிய மேடைகளில் ஒன்று விளையாட்டே இல்லை, ஒரு மாநாடு. 2009 டிசம்பரில் டென்மார்க் நடத்திய ஐ.நா. பருவநிலை மாநாடு பிஎஸ் 8901 சான்று பெற்றது. பாட்டில் தண்ணீர் கிடையாது, குழாய்த் தண்ணீர்தான். பிரதிநிதிகளுக்கு வழக்கமாகத் தரும் பரிசுப் பை கிடையாது. அந்தப் பணத்தில் வெளிநாட்டு மாணவர்கள் 11 பேருக்கு டென்மார்க்கில் படிக்க உதவித்தொகை. மாநாட்டின் கார்பனை ஈடுகட்ட பங்களாதேஷில் டாக்காவைச் சுற்றியுள்ள பழைய செங்கல் சூளைகளை மாற்றப் பணம் கொடுத்தார்கள். எல்லாமே நல்ல யோசனைகள்.

அப்புறம் கணக்கு வந்தது. டென்மார்க் அரசுக்காக டெலாய்ட் நிறுவனம் போட்ட மதிப்பீடு: மொத்தம் 46,200 டன் கார்பன் டை ஆக்சைடு. அதில் மாநாட்டு அரங்கு, ஹோட்டல், உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 5,700 டன். மிச்சம் 40,500 டன்னும் பிரதிநிதிகள் ஏறி வந்த விமானங்கள். நூற்றில் 88 பங்கு! குழாய்த் தண்ணீர், சாப்பாடு, விளக்கு, பை என்று ஏற்பாட்டாளர்கள் ராப்பகலாக உழைத்ததெல்லாம் மிச்ச 12 பங்குக்குள்தான்.

மாநாடு நடந்த பெல்லா சென்டரில் 15,000 பேருக்குத்தான் இடம். பதிவு செய்தவர்களோ சுமார் 45,000 பேர். டிசம்பர் குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, உள்ளே போக முடியாமலே திரும்பியவர்கள் பலர். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து பறந்து வந்து கதவுக்கு வெளியே நின்ற ஒருவரின் டிக்கெட்டும் அந்த 40,500 டன்னுக்குள் அடக்கம். எத்தனை பேரைக் கூப்பிடுவது, எங்கே கூப்பிடுவது என்ற முடிவுதான் கணக்கை எழுதியது. அந்த முடிவை எடுத்தபோது சமையல்காரரையோ குப்பை மேலாளரையோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மண் ஆஸ்பத்திரி

லண்டன் இந்தப் பாடத்தை ஓரளவு முன்கூட்டியே புரிந்துகொண்டிருந்தது என்று சொல்லணும். போட்டிக்கு முன்பே, கட்டுமானம் தொடங்கி கடைசி நாள் வரையிலான மொத்தக் கார்பன் தடத்தையும் மதிப்பிட்டார்கள். சுமார் 34 லட்சம் டன் என்று வந்தது. அதில் பாதி, கட்டடங்கள். ஓட்டப்பந்தய வீரர் ஒருவர்கூட ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே செலவாகிவிடும் பாதி. பார்வையாளர்களின் பங்கு ஐந்தில் ஒன்று.

அதனால் வேலை கட்டடத்தில் ஆரம்பித்தது. கூடைப்பந்து அரங்கம் 12,000 பேருக்கானது, ஆனால் முழுக்கத் தற்காலிகம். 2013-ல் பிரித்து எடுத்துவிட்டார்கள். நீச்சல் அரங்கத்தில் 17,500 இருக்கைகள், போட்டிக்குப் பிறகு 2,500 மட்டும். சைக்கிள் பந்தய அரங்கின் கூரை இரும்புச் சட்டத்துக்குப் பதிலா கேபிள் வலையில் நின்றது. பிரதான ஸ்டேடியத்தின் மேல்வளையத்துக்கு, யாருக்கும் வேண்டாமல் கிடந்த எரிவாயுக் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். பார்வையாளர்களுக்கு கார் பார்க்கிங் கிடையாது. போட்டி டிக்கெட்டோடு அன்றைய ரயில், பஸ் பயணச்சீட்டும் சேர்ந்தே வந்தது. உணவுப் பொட்டலங்களிலும் குப்பைத் தொட்டிகளிலும் ஒரே நிறக் குறி: மக்குவதற்கு ஆரஞ்சு, மறுசுழற்சிக்குப் பச்சை, மற்றதுக்குக் கறுப்பு. இன்றைக்கு நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில்கூட இதைச் செய்யலாம், செலவே இல்லை.

நிலத்தின் கதைதான் எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம், லீ நதியோரமாக சுமார் 2.5 சதுர கிலோமீட்டர். தலைமுறை தலைமுறையாகத் தொழிற்சாலைகள் இருந்த இடம். மண்ணில் எண்ணெய், தார், ஆர்சனிக், ஈயம், சயனைடு. அந்த மண்ணை லாரியில் ஏற்றி வேறு ஊரில் கொட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அங்கேயே இயந்திரங்களை நிறுத்தி, தோண்டி, அலசி, சலித்து, சுத்தம் செய்து திரும்பப் போட்டார்கள். 'மண் ஆஸ்பத்திரி' என்றே அதற்குப் பெயர். சுமார் 20 லட்சம் டன் மண் அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டது. சில வருஷத்தில் வேலை முடிந்தது.

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில் இருந்த 400-க்கும் மேற்பட்டோரைக் காலி செய்யச் சொன்னார்கள். பல பத்தாண்டுகளாகக் குடும்பங்கள் காய்கறி வளர்த்துவந்த மேனர் கார்டன் தோட்டப் பாத்திகளும் போயின. பாதிக்கப்படுகிறவர் பட்டியலில் அவர்கள் இருந்தார்கள், ஆனால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று.

சொல்லிச் செய்ய முடியாமல் போனவையும் உண்டு. பூங்காவில் நிறுத்துவதாகச் சொன்ன பெரிய காற்றாலை 2010-ல் கைவிடப்பட்டது. குறைந்த கார்பன் ஒலிம்பிக் சுடரும் வரவில்லை. பெரிய அடி பின்னால் வந்தது. ஸ்டேடியத்தின் 80,000 இருக்கைகளில் 55,000-ஐப் போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டு 25,000 பேருக்கான சிறிய மைதானமாக வைத்துக்கொள்வதுதான் திட்டம். அரசியல் மாறியது, ஆட்கள் மாறினார்கள், கடைசியில் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணிக்கான பெரிய மைதானமாக மாற்ற முடிவானது. மாற்றியமைத்த செலவு மட்டும் 32 கோடி பவுண்டுக்கு மேல். கழற்றக்கூடியதாகக் கட்டுவது நல்ல யோசனைதான். கழற்றப்போகிறோமா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளாவிட்டால் அந்த யோசனைக்கு மதிப்பில்லை.

துணிப் போர்வை

இப்போ போபால் கணக்குக்கு வருவோம். ஸ்டேடியத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு துணிப் போர்வை கட்ட வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் திட்டம். 2010-ல் செலவைக் குறைக்கும்போது 70 லட்சம் பவுண்டு மிச்சம் என்று அதை வெட்டினார்கள். 2011 ஆகஸ்டில் ஒரு ஸ்பான்சர் முன்வந்ததால் போர்வை திரும்பி வந்தது. 336 பட்டைகள். தயாரித்துத் தருவது டவ் கெமிக்கல்.

டவ் 2001-ல் யூனியன் கார்பைடை முழுமையாக வாங்கிய நிறுவனம். 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடின் இந்தியக் கிளை ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1989-ல் 47 கோடி டாலர் சமரசத் தொகையோடு வழக்கு முடிந்தது என்பது கம்பெனியின் வாதம். அந்த ஆலையை நாங்கள் நடத்தவும் இல்லை, எங்களுக்குச் சொந்தமாக இருந்ததும் இல்லை என்றது டவ். பாதிக்கப்பட்டவர்களோ, கம்பெனியை வாங்கினால் அதன் கடனையும் சேர்த்துத்தானே வாங்குகிறாய் என்று கேட்டார்கள். ஆலை வளாகத்தில் கொட்டிய நச்சு நிலத்தடி நீரில் இறங்கி, விபத்துக்குப் பிறகு பிறந்தவர்களையும் தொடர்ந்துகொண்டிருந்தது.

லண்டன் ஏற்பாட்டுக் குழு என்ன செய்தது? முறைப்படி நடந்தது. போர்வைக்கான பொருள் எதில் ஆனது, தயாரிப்பில் எவ்வளவு கார்பன், பிறகு மறுபயன்பாடு செய்யலாமா என்றெல்லாம் மதிப்பெண் போட்டுப் பார்த்தது. டவ் தேறியது. போட்டியின் பசுமை வாக்குறுதிகளைக் கண்காணிக்க ஒரு சுதந்திரமான ஆணையம் இருந்தது. அதுவும் ஆவணங்களைப் பார்த்துவிட்டு, கொள்முதல் முறையில் குறை இல்லை என்றது. பொய் சொல்லவில்லை, முறையில் குறை இல்லைதான்.

2012 ஜனவரியில் அந்த ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவரான மெரிடித் அலெக்ஸாண்டர் தொலைக்காட்சி நேரலையில் ராஜினாமாவை அறிவித்தார். டவ்வின் நிலைப்பாட்டுக்கு வக்காலத்து வாங்குவதில் தன் பெயரும் சேர்வதை அவர் விரும்பவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் எதிர்ப்புக் கடிதம் எழுதியது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அசையவில்லை, 2010-லேயே டவ்வோடு பத்து வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். போர்வையில் கம்பெனி பெயர் வராது என்பதுதான் கிடைத்த ஒரே விட்டுக்கொடுத்தல். 'நிலைத்தன்மைப் பங்காளர்' என்ற பட்டத்தோடு வந்த இன்னொரு நிறுவனம் பிபி. மெக்ஸிகோ வளைகுடாவில் அதன் எண்ணெய்க் கிணறு வெடித்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

2012 ஜூலை 26, லண்டன் தொடக்க விழாவுக்கு முந்தின நாள். போபாலில் கார்பைடு ஆலைக்குப் பக்கத்து மைதானத்தில் விஷவாயுவாலும் நச்சு நீராலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கூட்டி ஒரு தனி ஒலிம்பிக்ஸ் நடத்தினார்கள். நடக்க முடியாத பிள்ளைகளும் அதில் கலந்துகொண்டார்கள்.

பிறகு

ஐஎஸ்ஓ 20121 அந்த ஜூனில்தான் வெளியாகியிருந்தது. லண்டன் ஏற்பாட்டுக் குழு அதற்கும் சான்று பெற்றது. 2024-ல் புதுப்பித்த பதிப்பு வந்தது, அதில் மனித உரிமைகள் பற்றிய வழிகாட்டுதலும் சேர்ந்திருக்கிறது. பாரிஸ் 2024 அரங்குகளில் 95 சதவீதம் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. கார்பன் தடம் சுமார் 15.9 லட்சம் டன் என்று கணக்குக் காட்டினார்கள். லண்டனில் பாதிக்கும் குறைவு. புதுசா கட்டாமல் விட்டதுதான் அந்த மிச்சத்தின் பெரும்பகுதி.

பாரிஸில் இன்னொன்றும் நடந்தது. டோட்டல் எண்ணெய் நிறுவனம் ஸ்பான்சராக வருவதை மேயர் ஆன் இதால்கோ எதிர்த்தார், 2019-ல் டோட்டல் விலகிக்கொண்டது. எந்தத் தரநிலையும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒருவர் வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

ஒரு கருத்தரங்கோ ஆண்டு விழாவோ நடத்தப்போகிறவர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது கேள்விகளின் வரிசை என்று நினைக்கிறேன். இத்தனை பேர் நேரில் வந்தே ஆகணுமா? பெரும்பாலானவர்கள் ரயிலில் வரக்கூடிய ஊர் எது? புதிதாக எதையாவது கட்டுகிறோமா, இருப்பதை வாடகைக்கு எடுக்கலாமா? யார் பணம், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இதெல்லாம் முடிந்த பிறகு தட்டு எதில் செய்தது என்று கேட்கலாம். தட்டையும் கேட்கத்தான் வேண்டும். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் வம்பு.

ஸ்டேடியத்தைச் சுற்றிய துணிப் பட்டைகளைப் போட்டிக்குப் பிறகு உகாண்டாவிலும் ரியோவிலும் கூரைகளுக்குப் பயன்படுத்த ஏற்பாடு செய்தார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் அலசிய மண்ணின் மேல் இன்றைக்குப் பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். போபாலில் கூடுதல் இழப்பீடு கேட்டு இந்திய அரசு போட்ட சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கார்பைடு ஆலைக்குள் அடுக்கி வைத்திருந்த 337 டன் நச்சுக் கழிவு, விபத்து நடந்து 40 வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் 12 கன்டெய்னர்களில் பீதம்பூருக்குப் போனது, பிறகு அங்கே எரிக்கப்பட்டது. வளாகத்து மண்ணும் அதன் அடியில் உள்ள தண்ணீரும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.